அம்மன் கை என்றார்கள்

என் மகளுக்கு அருள் வரவில்லை. வலிப்பு வந்தது. இதை வாயால் சொல்லிச் சொல்லிச் சலித்துப் போய்த்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கடையில் வேலை முடிந்து வந்து, அவளுக்கு மருந்து கொடுத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக எழுதியது இது. கோபத்தோடு எழுதுகிறாயே என்று யாராவது கேட்டால், ஆமாம், கோபத்தோடுதான். ஆறட்டும் என்று காத்திருந்தால் நான் எழுதவே மாட்டேன்.

நாங்கள் கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். சொந்த இடம் ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். நான் கண்டி டவுனில் புடவைக் கடையொன்றில் வேலை செய்கிறேன். என் கணவர் ராஜன் ஒரு ஹோட்டலில் கொத்து ரொட்டி போடுகிறார். தர்ஷிகா எங்களுக்கு ஒரே பிள்ளை.

கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் எதை நீட்டினாலும் இடது கையால்தான் வாங்குவாள். வலது கை மூடியே இருக்கும், கட்டைவிரல் உள்ளே மடங்கியிருக்கும். நான் கேட்ட எல்லாரும் இடது கைப் பழக்கம், வளர்ந்தால் சரியாகிவிடும் என்றார்கள். உண்மை என்னவென்று பிறகு ஒரு டொக்டர் சொன்னார். ஒரு வயதுக்குள் எந்தக் குழந்தைக்கும் இடது கை, வலது கை என்ற பழக்கம் வருவதில்லையாம். அந்த வயதில் இரண்டு கையையும்தான் நீட்ட வேண்டும். ஒன்றை மட்டும் நீட்டினால் மற்றதற்கு ஏதோ நடந்திருக்கிறது, உடனே காட்ட வேண்டும். சின்னப் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதியை வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை.

கொஞ்சம் வளர்ந்ததும் இன்னொன்றைக் கண்டோம். இடது கையால் பிஸ்கட்டை எடுத்தால், மடியில் சும்மா கிடக்கிற வலது கையும் எதையோ பிடிப்பதுபோல மடங்கும். இடது கை விரிந்தால் அதுவும் விரியும். அப்பாவைப் பார்த்து அவளும் கொத்துப் போடுவாள். சட்டியைக் கவிழ்த்துவைத்து, இடது கையில் ஒரு கரண்டி எடுப்பாள், வலது கையில் நாங்கள் ஒன்றைச் சொருகிவிடுவோம். கொத்துப் போடுகிறவரின் கைகள் மாறி மாறித்தான் விழும், அந்தத் தாளம் கண்டியில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தர்ஷிகாவின் கைகள் இரண்டும் சேர்ந்தே விழும். என் மகள் டபுள் கொத்து போடுகிறாள் என்று ராஜன் சிரிப்பார். நானும் சிரித்தேன்.

சிரிப்போடு போயிருக்க வேண்டிய விஷயத்தைச் சாமி காரியமாக்கியது ஏடு தொடக்கம். அவளுக்கு மூன்று வயதானபோது, விஜயதசமியன்று கோயிலில் ஐயர் அவளுடைய வலது கையைப் பிடித்துத் தட்டிலிருந்த அரிசியில் ‘அ’ எழுத வைத்தார். அவர் கையை விட்டதும் தர்ஷிகா தன் பாட்டுக்கு இடது கையால் எழுதத் தொடங்கினாள். அரிசியின் மேல் கிடந்த வலது கையும் கூடவே நகர்ந்தது. இடது கை ஒரு பக்கம் வளைய, வலது கை மறுபக்கம் வளைந்தது. இரண்டு கையாலும் எழுதுகிறாள் என்று சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். யாரோ போனில் படம் எடுத்தார். அந்த வீடியோ எங்களுக்கு முன்னால் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அங்கே அதைப் பார்த்தவர்களில் லெட்சுமி மதினியும் ஒருவர். என் கணவரின் அக்கா. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர், அதனால் எங்கள் வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார். தர்ஷிகாவின் வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிள்ளை அசைக்காமலே அசைகிற கை பிள்ளையுடையது இல்லை, அது அம்மன் கை என்று முடிவு சொன்னார். அதோடு விட்டிருந்தாலும் போகட்டும் என்றிருப்பேன். அந்தக் கையை யாரும் தொடக்கூடாது, பிடித்து இழுக்கக்கூடாது, எண்ணெய் தேய்க்கக்கூடாது என்று கட்டளை போட்டார். தினமும் பிடித்து நீட்டி, மடக்கி, வேலை வாங்கியிருக்க வேண்டிய கை. அதைச் சாமிப் படம் மாதிரி எட்ட நின்று கும்பிட வைத்தார்.

லீவு நாட்களில் தோட்டத்துக்குப் போனால் மதினியின் லயத்து வீட்டு வாசலில் ஆட்கள் நிற்பார்கள். பிள்ளையில்லாதவர்கள், வெளிநாட்டுக்குப் போக இருப்பவர்கள், பரீட்சை எழுதப் போகிறவர்கள். தர்ஷிகா இடது கையால் திருநீறு எடுப்பாள், வலது கை காற்றில் திருநீறு எடுக்கும். கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நம் பிள்ளையை ஊரே தூக்கிவைத்துக் கொண்டாடினால் எந்தத் தாய்க்குக் கசக்கும்? ஆனால் அவளுக்குச் சட்டைப் பட்டன் போடத் தெரியவில்லை. தண்ணீர்ப் போத்தலைத் திறக்க முடியவில்லை. இடது கை மூடியைத் திருகினால், போத்தலைப் பிடித்திருக்க வேண்டிய வலது கையும் திருகப் பார்க்கும், போத்தல் கீழே விழும். டொக்டரிடம் காட்டுவோம் என்று நான் சொன்னபோதெல்லாம் ராஜன், அக்கா கோபிக்கும் என்றார். அக்கா கோபிக்கும். அந்த இரண்டு வார்த்தையில் என் பிள்ளையின் வயது போய்க்கொண்டிருந்தது.

அவளுக்கு ஐந்து வயதானபோது தோட்டத்து மாரியம்மன் திருவிழா வந்தது. மஞ்சள் பாவாடை கட்டி, மாலை போட்டு, கரகத்துக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் அவளை உட்கார வைத்தார்கள். உச்சி வெயில். காலையிலிருந்து அவள் பால் மட்டும்தான் குடித்திருந்தாள், விரதமாம். தப்பு மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலது கை துடிக்கத் தொடங்கியது. இடது கை மடியில் சும்மா கிடந்தது. இடது கை அசைந்தால்தான் வலது கை அசையும். அதுவரை ஒருநாளும் அது தனியாக அசைந்ததில்லை. பிறகு வாய் ஒரு பக்கம் கோணியது, கண் மேலே சொருகியது, கடைவாயில் நுரை வந்தது. அருள் வந்திருச்சு என்று ஒரு குரல் எழுந்ததும் குலவை போட்டார்கள். தப்பை இன்னும் வேகமாக அடித்தார்கள். கற்பூரத் தட்டை அவள் முகத்துக்கு நேரே காட்டினார்கள்.

நான் ஓடினேன். பெண்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். மதினி குறுக்கே வந்து நின்றார்.

"தொடாத புள்ள. ஆத்தா எறங்கி நிக்கிறா."

"மதினி, என் புள்ளைக்கு மூச்சு முட்டுது. விடுங்க."

யாரும் விடவில்லை. என்னைப் பிடித்திருந்த ஒருத்தியின் கையைக் கடித்தேன். கடித்ததற்கு இன்றுவரை எனக்கு வருத்தமில்லை. ராஜனைத் தேடினேன். அவர் கூட்டத்தின் முன்வரிசையில் நின்றார். கைகூப்பி, கண்ணில் நீர் வழிய, தான் பெற்ற மகளைக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். அவர் சட்டையைப் பிடித்து உலுக்கி, உங்கள் மகள் சாகப்போகிறாள் என்று கத்தினேன். அதன்பிறகுதான் அவருக்கு உறைத்தது. மாலையைப் பிய்த்தெறிந்துவிட்டு அவளைத் தூக்கினார். சாமியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள் என்று பின்னால் யாரோ என்னைத்தான் திட்டினார்கள்.

ரோட்டில் நின்ற த்ரீவீலர்காரர் ஒரு சிங்களப் பையன். எதையும் கேட்கவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்தவுடனே வண்டியைக் கிளப்பினார். தலாத்துஓயா தாண்டிக் கண்டிவரை ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை. பிள்ளையை ஒரு பக்கமாகச் சரித்துப் பிடிக்கச் சொன்னதும் அவர்தான், அவருடைய தம்பிக்கும் வலிப்பு உண்டாம். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டவர், பிறகு ஒருநாள் தேடிவந்து வார்ட்டு வாசலில் நின்று, பிள்ளை எப்படி என்று கேட்டுவிட்டுப் போனார். கோயிலில் நின்ற அத்தனை சொந்தக்காரர்களில் அப்படிக் கேட்டவர்கள் குறைவு.

ஊசி போட்டுத்தான் வலிப்பை நிறுத்தினார்கள். இவ்வளவு நேரம் ஏன் வைத்திருந்தீர்கள் என்று ஒரு நர்ஸ் சிங்களத்தில் கேட்டார். கடையில் வாடிக்கையாளர்களோடு சளசளவென்று சிங்களம் பேசுகிறவள்தான் நான். என்னவென்று சொல்வது? மேளம் அடித்துக்கொண்டிருந்தோம் என்றா?

வார்ட்டில் பக்கத்துக் கட்டிலில் கலகெதரவிலிருந்து வந்த ரிஸ்வானா இருந்தார், நிமோனியாக் காய்ச்சலில் கிடந்த மகனோடு. நான் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்ததைக் கண்டு, முதல்நாளே தன் சோற்றுப் பார்சலில் பாதியை என் பக்கம் தள்ளினார். "தங்கச்சி, தின்னுங்க. நீங்க விழுந்தா புள்ளைய யாரு பாக்குற?" என்றார். அதன்பிறகு நான் மருந்து வாங்கவோ ஸ்கேன் திகதி கேட்கவோ போனால் தர்ஷிகாவை அவர் பார்த்துக்கொள்வார். செலவைப் பற்றி எழுதப்போவதில்லை, ஆஸ்பத்திரிக்குப் போன எல்லாருக்கும் அது தெரியும்.

காத்திருப்பதுதான் அங்கே பெரிய வேலை. ஸ்கேன் அறைக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தோம். தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டி மூளையில் ஓடுகிற மின்சாரத்தை வரைந்து பார்க்கிற பரிசோதனைக்குக் காத்திருந்தோம். எனக்குள்ளே கரண்ட் இருக்கா என்று தர்ஷிகா கேட்டாள். இருக்கிறது, கொஞ்சம் கூடிவிட்டது என்றேன். வலிப்பு வந்தபின் அவளுடைய வலது கை துணி மாதிரி தொங்கியது. அது திரும்பி வருமா என்று யாரிடம் கேட்டாலும், பார்ப்போம் என்றார்கள். அந்தப் பார்ப்போமைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. சில நாளில் கை மெல்ல மெல்லத் திரும்பியது. இடது கையை விரித்தாள், வலது கையும் கொஞ்சம் விரிந்தது. நான் வெறுத்த அந்த அசைவைப் பார்த்தே சந்தோஷத்தில் அழுதேன்.

விளக்கிச் சொன்னவர் யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர், இளம் பெண். கட்டிலில் உட்கார்ந்து, தர்ஷிகாவை இடது கை விரல்களால் கட்டைவிரலை ஒவ்வொன்றாகத் தொடச் சொன்னார். வலது கையும் செய்தது. வலது கையால் செய்யச் சொன்னார். அது திணறித் திணறிச் செய்தபோது இடது கையும் கூடவே செய்தது. டொக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பிறப்பதற்கு முன்போ பிறந்த சமயத்திலோ மூளையின் இடது பக்கத்தில் ஓர் இடத்துக்கு இரத்தம் போகாமல் அடைபட்டிருக்கிறது, ஸ்கேனில் பழைய தழும்பாகத் தெரிகிறது என்றார். பெரியவர்களுக்கு ஒரு பக்கத்துக் கைகால் இழுத்துக்கொண்டு வருகிற பாரிசவாதம்தான், இவளுக்கு வயிற்றிலேயே வந்திருக்கலாம். மூளையின் இடது பக்கம்தான் வலது கையை ஆட்டுவிக்கும், வலது பக்கம் இடது கையை. ஆனால் பிறக்கும்போது ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் இரண்டு கைக்கும் நரம்பு ஓடுமாம், வளர வளரத் தேவையில்லாதது வாடிப்போகும். இவளுக்கு இடது பக்கம் பழுதானதால், வலது பக்கம் இரண்டு கையையும் விடாமல் வைத்துக்கொண்டது.

"ஒரு சுவிட்சில ரெண்டு பல்ப் கொளுவினா, ஒண்டைப் போட மற்றதும் எரியுந்தானே அம்மா. அப்பிடித்தான். பிள்ளை வேணுமெண்டு செய்யேல்லை."

"அப்ப வலிப்பு?"

"அது வேற. அந்தத் தழும்பிலயிருந்து வாறது. மருந்தால கட்டுப்படுத்தலாம். ஒரு நாளும் விடாமல் குடுக்கோணும்."

"கை முழுசா சரியாயிருமா டொக்டர்?"

"முழுக்க மாறாது. பயிற்சி செய்தா உதவுற கையா வரும். நேரத்தோட துவங்கியிருந்தா இன்னும் நல்லா வந்திருக்கும்."

நேரத்தோடு துவங்கியிருந்தால். இரண்டு வருஷம் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களை வரிசையில் நிறுத்தி இந்த வாக்கியத்தைக் கேட்க வைக்க வேண்டும் என்று தோன்றியது.

ஆஸ்பத்திரிக்காரர்கள் மீதும் எனக்குக் கோபம் வந்தது. ஒரு காலையில் டொக்டருக்குப் படிக்கிற மாணவர் கூட்டம் கட்டிலைச் சுற்றி நின்றது. கையை விரி, மூடு, மறுபடி விரி. தோட்டத்தில் கும்பிட்டார்கள், இங்கே எழுதிக்கொண்டார்கள். மற்றபடி கூட்டம் கூட்டம்தான். தர்ஷிகாவும் பழக்கதோஷத்தில் முதுகை நிமிர்த்தி, அருள் கொடுக்கிற மாதிரி கையை உயர்த்தினாள். எனக்குத் தாங்கவில்லை. முதலில் அவளுடைய பேரைக் கேளுங்கள், பிறகு கையைப் பாருங்கள் என்று சிங்களத்தில் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகத்தான். ஒரு மாணவன் காது சிவக்க முட்டிபோட்டு உட்கார்ந்து அவளுடைய பேரைக் கேட்டான். அவளும் சொன்னாள்.

அன்று பார்வையாளர் நேரத்தில் ராஜனுக்குப் பின்னாலேயே மதினியும் வந்தார். கையில் திருநீற்றுச் சம்புடம். கட்டிலருகே வந்து, பிள்ளையின் தலைமாட்டில் கற்பூரக் கட்டியை வைத்தார். பிறகு எதிர்க்கட்டிலில் மெலிந்துபோய்க் கிடந்த குழந்தையின் தாயைக் கூட்டிவந்து, இவள் கையால் திருநீறு வாங்கிக்கொள் என்றார். அந்தத் தாய் பாவம், நம்பிக்கையோடு குனிந்தாள். தர்ஷிகா என்னைப் பார்த்தாள்.

"மதினி, எடுத்துக்கிட்டுப் போங்க" என்றேன்.

"சாமிய ஊசி குத்திக் கொல்றியே, நீயெல்லாம் ஒரு தாயா?"

"இவ சாமியில்ல. மூளையில அடிபட்ட புள்ள. கோயில்ல இன்னும் கொஞ்ச நேரம் வச்சிருந்தீங்கன்னா படத்துக்குத்தான் மாலை போட்டிருப்பீங்க."

வார்ட்டே திரும்பிப் பார்த்தது. மதினி தம்பியைப் பார்த்தார். எங்கள் கல்யாணம் முடிந்த நாளிலிருந்து இந்தப் பார்வைக்கு ஒரே பதில்தான் கிடைத்திருக்கிறது. ராஜன் அன்று சம்புடத்தை மூடி அக்காவின் கையில் கொடுத்தார். "பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டு வந்து விடுறேன்கா" என்றார். எனக்கு அது போதும். எதிர்க்கட்டில் தாயிடம் மட்டும் நான் போய் மன்னிப்புக் கேட்டேன்.

பயிற்சி கொடுத்த மிஸ் சிங்களவர், பொறுமைசாலி. நல்ல கையைக் கட்டிப்போட்டால் மற்றது தானாக வேலை செய்யும் என்று யாரோ சொன்னதை நான் கேட்டபோது, நீங்களாகக் கட்ட வேண்டாம் என்றார். எல்லாப் பிள்ளைக்கும் அது ஒத்துவராதாம். இரண்டு கையும் ஒரே மாதிரி அசைகிற வேலைகளிலிருந்து தொடங்கினார். பிறகு ஒரு கை அழுத்திப் பிடிக்க, மற்றது அசைகிற வேலை. கடதாசியை வலது கையால் மேசையில் அமுக்கிக்கொண்டு இடது கையால் கோடு போட வேண்டும். அது அவளுக்கு மலையைப் புரட்டுகிற வேலை. அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. சோறு பிசைய, பட்டன் போட, தலை பின்ன, உலகத்தில் எல்லாவற்றுக்கும் இரண்டு கையும் வேறு வேறாக அசைய வேண்டும். கும்பிட மட்டும்தான் ஒன்றாக அசைந்தால் போதும். என் மகளிடம் அந்த ஒன்றைத்தான் எல்லாரும் கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபின் ராஜன் ஹோட்டலிலிருந்து ரொட்டி மாவு கொண்டுவரத் தொடங்கினார். எண்ணெய் தடவிய உருண்டையை இரண்டு உள்ளங்கையாலும் ஒன்றாக அழுத்தித் தட்ட வேண்டும். தர்ஷிகாவுக்கு அது சுலபமாக வந்தது. அவர் டபுள் கொத்து என்று இப்போது சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, வலது கை விரல்களை ஒவ்வொன்றாக விரித்து மாவின் மேல் வைத்துவிடுவார். அவர் மேல் இருந்த கோபம் அந்த மாவில் கொஞ்சம் கரைந்தது. முழுதாக இல்லை. அவர் கைகூப்பி நின்ற கோலம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

மருந்தைத் தவறாமல் கொடுக்கிறோம். அதன்பிறகு வலிப்பு வரவில்லை. அடுத்த திருவிழா நெருங்கியபோது மதினி வந்தார், கோயில் கமிட்டியிலிருந்து ஒரு பெரியவரோடு. கதிரையில் உட்கார வைக்க மாட்டோம், விரதம் வேண்டாம், சும்மா வந்து நின்றால் போதும் என்றார்கள். ராஜன் என்னைப் பார்க்காமலே, வரமாட்டா அக்கா என்று சொன்னார். பெரியவர் எழுந்து வெளியே போனார். மதினி போகவில்லை. முகம் வாடிப்போய்த் தரையில் தர்ஷிகாவுக்கு எதிரே உட்கார்ந்து, மடியிலிருந்து சம்புடத்தை எடுத்தார்.

"அத்தைக்கு மட்டும் பூசி விடு ஆத்தா."

நான் வாயைத் திறக்குமுன் தர்ஷிகா இடது கையைத் திருநீற்றில் வைத்துவிட்டாள். வலது கை வழக்கம்போல் காற்றில் விரல்களைக் குவித்தது. மதினி அதைப் பார்த்துக் கைகூப்பினார்.

"அது சும்மா கூட வருது அத்தை" என்றாள் தர்ஷிகா. "அதுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க புடிச்சிக்கிட்டீங்கன்னா நான் நல்லா பூசி விடுவேன்."

மதினி என்னைப் பார்த்தார். தயங்கித் தயங்கி, சுடுகிற பாத்திரத்தைத் தொடுகிறவர் மாதிரி அந்தக் கையைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"என்னா புள்ள, கை இப்படிச் சில்லுனு இருக்கு?"

"எப்பவும் அப்படித்தான் மதினி இருக்கும்" என்றேன்.